கேன்டீன் பலகையில் என் ஐந்து வாக்கியங்கள்

2011-ஆம் வருடம், ஆடி மாதம். ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பயிற்சியாளராகச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு பஸ் ஏறி வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பெண்கள் தங்கியிருந்த அறையில் ஏழாவது ஆளாகப் பாய் விரித்தவள் நான். ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும் யாரை நிரந்தரமாக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதற்கு இன்னும் இரண்டே மாதம்தான் இருந்தது. அந்த நாட்களில் என் கவலை, கனவு, சாமியிடம் வேண்டுதல் எல்லாமே அந்தப் பட்டியல்தான்.

அந்தச் சமயத்தில் ஆலைக்குப் புதிய தலைவர் ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்காரர். தொழிலாளிகளோடு நேரடியாகப் பேச வேண்டும் என்பது அவருக்கு ஆசை. ஆனால் அவருக்குத் தமிழ் வராது, எங்களுக்கு ஆங்கிலம் வராது. அவர் தமிழ் படிப்பதைவிட நாங்கள் ஐந்நூறு பேர் ஆங்கிலம் படிப்பது சுலபம் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீன் மூலையில் ஆங்கில வகுப்பு தொடங்கியது. வகுப்புக்குப் போகிறவர்களுக்குப் பட்டியலில் முன்னுரிமை உண்டு என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த ஆசிரியை பாடம் நடத்த வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் ‘இஃப்’ வந்தது, என் நிம்மதி போனது.

இது நடந்தால் அது நடக்கும் என்பது ஒரு வகை. அது புரிந்தது. நடக்காது என்று தெரிந்தும் நடப்பதாக வைத்துக்கொண்டு பேசுவது இரண்டாவது வகை. அது பாதி புரிந்தது. நடந்து முடிந்துபோன ஒன்றை நடக்காத மாதிரி வைத்துக்கொண்டு, அப்படியானால் என்ன ஆகியிருக்கும் என்று பேசுவது மூன்றாவது வகையாம். எனக்குத் தலை சுற்றியது. எழுந்து கேட்டேவிட்டேன்.

“நடந்து முடிஞ்சதப் பத்தி அப்படிப் பேசி என்ன மிஸ் ஆகப்போகுது?”

அவர் கையிலிருந்த புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். “எனக்கும் தெரியலைங்க. ஆனா பரீட்சையில வரும்” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

வீட்டுப்பாடமாக ஆளுக்கு ஐந்து ‘இஃப்’ வாக்கியம் எழுதி வரச் சொன்னார். அடுத்த வாரம் பார்த்தால் இருபத்தெட்டு பேரும், நானும் சேர்த்துத்தான், மழை பெய்தால் குடை எடுத்துப் போவேன் என்று எழுதியிருந்தோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மழையும் வேணாம், குடையும் வேணாம். நீங்க தினமும் பாக்கறத எழுதுங்க. உங்க வேலை, உங்க பஸ், உங்க ஃபிரெண்ட்ஸ். உண்மையா இருக்கணும்” என்றார்.

உண்மையாக இருக்கணும் என்று அவர் சொன்னது மட்டும் என் மண்டையில் நன்றாகப் பதிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் தண்ணீர் பிடிக்க வாளியோடு வரிசையில் நிற்கும்போது நோட்டைத் திறந்தேன். கம்பெனி பஸ் தாமதமாக வந்தால் எங்களுக்கு வருகைப் பதிவு தாமதமாகும். இது ஒன்று. கேன்டீனில் உப்புமா போட்டால் பெண்கள் சாப்பிட மாட்டார்கள். இது இரண்டு. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. தினமும் என்ன பார்க்கிறேன் என்று யோசித்தபோது, பக்கத்து மெஷின் அக்கா ஞாபகம் வந்தது.

அந்த அக்கா வல்லம் வடகாலை ஒட்டிய ஊர்க்காரர். முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள், கணவருக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிற வேலை. என்னைவிட ஆறு வருடம் முன்னால் சேர்ந்தவர். நான் சேர்ந்த புதிதில் மெஷின் சத்தத்துக்குப் பயந்து சாப்பிடாமல் கிடந்தபோது, தன் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்து என் வாயில் திணித்தவர். வாயைத் திறந்தால் கேலிதான். ஆனால் வேலையில் அவர் கை ஓடுகிற வேகத்தை லைனில் யாராலும் பிடிக்க முடியாது.

அந்த வேகத்தில் ஒரு ரகசியம் உண்டு. எங்கள் மெஷின்கள் ரப்பர் பாகத்துக்குள் இரும்பு வளையத்தை அழுத்திப் பொருத்துகிற பிரஸ் மெஷின்கள். இடது பக்கம் ஒரு பச்சைப் பட்டன், வலது பக்கம் ஒரு பச்சைப் பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருப்பதால் பிரஸ்ஸுக்குள் கை மாட்டாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடே. அக்கா என்ன செய்வார் என்றால், கழித்துப் போட்ட ரப்பரில் ஒரு துண்டு நறுக்கி இடது பட்டனின் இடுக்கில் செருகிவிடுவார். அது எப்போதும் அழுத்தினபடியே இருக்கும். வலது கை பட்டனை அழுத்தும், இடது கை உள்ளே வளையத்தை வைக்கும், எடுக்கும். வேலை ஒன்றரை மடங்கு ஓடும். அப்படிச் செய்யாவிட்டால் லைன் சுவரில் இருக்கிற பலகையில் எழுதிப்போட்ட அன்றைய எண்ணிக்கை வராது, சூப்பர்வைசர் கத்துவார். இது லைனில் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் வரும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

எனக்கு மூன்று வாக்கியம் கிடைத்துவிட்டது. அக்கா பட்டனில் ரப்பர் வைத்தால் மெஷின் வேகமாக ஓடும். அக்கா ரப்பர் வைக்காவிட்டால் சூப்பர்வைசர் கத்துவார். அக்காவின் கை உள்ளே போனால் கை போய்விடும். ‘அக்கா’ என்று எழுதினால் ஆங்கிலமாக இருக்காதே என்று அவர் பெயரையே எழுதினேன். மெஷின் நம்பரையும் போட்டேன். மூன்றுமே முதல் வகை, இலக்கணம் பிசகாமல் வந்திருந்தது. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டுக் கை தட்டினார். என் தாளில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்டு, கேன்டீன் அறிவிப்புப் பலகையில் நடுவாகக் குத்தி வைத்தார். வார மெனுவுக்கும், காணாமல் போன அடையாள அட்டைக்கும் நடுவில் என் ஆங்கிலம்!

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா பலகையைப் பார்த்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் தன் பெயரைக் கண்டுபிடிக்கத் தெரியும்.

“இன்னாடி, எம்பேரு மாரி கீது?”

“உங்க பேருதான்க்கா.”

“இன்னா எழுதிகீற?”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்னது இதுதான்: “உங்களப் பத்தி நல்லாத்தான் எழுதிருக்கேன்க்கா.”

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மேசை மேசையாகப் போய், “பாரு, என்ன இங்கிலீசுல எழுதி ஒட்டிகீறாங்க” என்று காட்டிவிட்டு வந்தார். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஆனாலும் எழுந்து போய் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை யார் படிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கேன்டீனில் ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்கக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான், ஆலைத் தலைவர். செவ்வாய்க்கிழமை அவர் தட்டோடு வரிசையில் நின்றார். நின்றவர் பலகையைப் படித்தார். ஊசியைப் பிடுங்கித் தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்று அக்கா பிள்ளையின் பள்ளிக்கூட வேலையாக விடுப்பு. அவர் மெஷின் சும்மா நின்றது. ரப்பர் துண்டையும் அவர் எப்போதும் ஏப்ரன் பையில் போட்டு எடுத்துப் போய்விடுவார். ஆலைத் தலைவர் அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நேராக என்னிடம் வந்தார். அவர் பின்னால் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

தலைவர் தாளைக் காட்டி, இது உண்மையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. சூப்பர்வைசர் உடனே தமிழில் எனக்குச் சொன்னார்: “இது சும்மா பயிற்சிக்கு எழுதினதுதானேன்னு கேக்கறாரு. ஆமான்னு சொல்லும்மா.”

அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது சூப்பர்வைசருக்கும் தெரியும். காதில் ஒரு கேள்வி ஆங்கிலத்தில் கிடக்கிறது, இன்னொரு கேள்வி தமிழில் கிடக்கிறது. எதற்குப் பதில் சொல்வது? பத்து மாதமாக வேண்டிக்கொண்ட பட்டியல் கண் முன்னால் வந்து நின்றது. தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் உறைத்தது, இரண்டு பேருக்குமே ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டேன் என்று! தலைவரின் முகம் இறுகியது. சூப்பர்வைசர், “பிராக்டீஸ் சார், ஒன்லி பிராக்டீஸ்” என்று இரண்டு தடவை சொன்னார். தலைவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு என்ன புரிந்ததோ, எனக்குத் தெரியாது.

சூப்பர்வைசர் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார். அவர் மிரட்டினார் என்று சொன்னால் அது பொய். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். “இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? லிஸ்ட் போற நேரம். அந்தம்மாவுக்கும் வேலை போயிடும், உனக்கும் போயிடும், எனக்கும் போயிடும். கற்பனையா எழுதிட்டேன்னு ஒரு லெட்டர் குடு. காலைல மீட்டிங்ல படிச்சிடு. அத்தோட முடிஞ்சிடும்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அக்காவைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கையெழுத்துப் போடும்போது நினைவில் இருந்தது அக்கா இல்லை, பட்டியல்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

எங்கள் ஆலையில் ஷிப்ட் தொடங்கும் முன்பு லைன் மீட்டிங் நடக்கும். வரிசையாக நின்று கை காலை உதறிப் பயிற்சி செய்வோம். பிறகு ஒருவர் பாதுகாப்பு உறுதிமொழியைப் படிக்க, மற்றவர்கள் வலது கையை நீட்டிக்கொண்டு கூடவே சொல்வோம். என் உடம்புக்கும் சக தொழிலாளியின் உடம்புக்கும் ஆபத்து வராமல் வேலை செய்வேன் என்று தொடங்கும். தினமும் சொல்லிச் சொல்லி அதற்கு என்ன அர்த்தம் என்பதே மறந்துபோயிருந்தது. புதன்கிழமை காலை ஆலைத் தலைவரும் வந்து ஓரமாக நின்றார். உறுதிமொழி முடிந்ததும் சூப்பர்வைசர் என்னை முன்னால் கூப்பிட்டார்.

கடிதத்தைப் படித்தேன். அக்கா இரண்டாவது வரிசையில் நின்றார். நேற்று நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. முதல் வரியில் தன் பெயர் வந்ததும் பக்கத்தில் நின்ற பெண்ணை முழங்கையால் இடித்துச் சிரித்தார். இன்ன மெஷினில் இவர் பட்டனில் ரப்பர் வைத்து வேலை செய்வதாக நான் எழுதியது உண்மையல்ல, கற்பனை, அதற்காக வருந்துகிறேன் என்று படித்து முடித்து நிமிர்ந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிசம் சார்” என்றார் அக்கா.

வரிசையை விட்டு வெளியே வந்தார். ஏப்ரன் பையில் கை விட்டு அந்த ரப்பர் துண்டை எடுத்தார். “இது இன்னா சார்? இத்தத்தானே அவ எழுதிகீறா? நெஜத்த எழுதுன பொண்ண பொய்யின்னு இன்னாத்துக்குப் படிக்க வுடுறீங்க?”

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா மெஷினுக்குப் போய்விட்டார். ஸ்விட்சைப் போட்டார். இடது பட்டனில் ரப்பரைச் செருகினார். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டு, வலது கையால் மட்டும் பட்டனை அழுத்தினார். டக்கென்று பிரஸ் இறங்கியது. அதை யாரும் அந்த வெளிநாட்டுக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் மெஷினைப் பார்த்தார். சுவரில் எண்ணிக்கை எழுதிய பலகையைப் பார்த்தார். கடைசியாகச் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு மூன்று நாள் சஸ்பெண்ட். திரும்பி வந்ததும் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். சூப்பர்வைசர் வேறு யூனிட்டுக்குப் போனார். எல்லா மெஷினிலும் பட்டனைச் சுற்றி எதையும் செருக முடியாதபடி வளையம் போட்டார்கள். பலகையில் எண்ணிக்கையைக் குறைத்து எழுதினார்கள். குறைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் என்னோடு மட்டும் பல பேர் பேசவில்லை. கூட இருக்கிறவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று சில பேர் நினைத்தார்கள். உண்மையை எழுதிவிட்டுப் பின்வாங்கினவள் என்று சில பேர் நினைத்தார்கள். இரண்டு தரப்பு நினைத்ததிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். “ரப்பர்னா அழிக்கற ரப்பர்னு நெனச்சேங்க. ஏதோ விளையாட்டா எழுதிருக்கீங்கன்னு ஒட்டினேன்” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “ஏன்க்கா சொன்னிய? நான் பொய்யினு படிச்சிட்டேன்லா. அத்தோட போயிருக்குமே” என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார். “எங்க போவும்? ரெண்டு வாட்டி கிளவுசு நுனி மாட்டிகினுச்சுடி உள்ள. கைய இஸ்துகினேன். வூட்டுல கூட சொல்லல. தெனம் பயந்துகினேதான் மெஷின்கிட்ட நின்னேன். நீ பொய்யின்னு படிச்சதும் அந்தப் பயமே பொய்யின்னு ஆயிட்ட மாரி இருந்துச்சு.” கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. என்ன ஒரு வார்த்த கேக்காம எழுதுன பாரு. நல்லாத்தான் எழுதிகீறேன்னு வேற சொன்ன. நான் ஊருக்கெல்லாம் காட்டினேன். அதுக்கு உன்ன நாலு சாத்து சாத்தணும்.”

“சாத்துங்கக்கா” என்றேன். அவர் சாத்தவில்லை. இறங்குமிடம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

புரட்டாசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுகிற பெண் என்று ஆலைத் தலைவரே சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். பொய்க் கடிதம் படித்தவளுக்கு நிரந்தர வேலை, உண்மையைச் செய்து காட்டியவருக்கு நாள் முழுக்க நின்றபடி அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. பேக்கிங் பக்கம் போய் நின்றேன். அக்கா பெட்டியில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வந்துச்சா உம்பேரு?”

“வந்திருச்சுக்கா.”

இன்னும் இரண்டு பெட்டி ஒட்டினார். பிறகு, “சரி, போய் ஸ்வீட்டு வாங்கினு வா” என்றார். அங்கேயே நின்று அழுதேன். அவர் டேப்பைக் கிழித்துக்கொண்டே, “தள்ளி நின்னு அழு, பொட்டி நனையுது” என்றார்.

இதெல்லாம் நடந்து வெகுநாள் ஆகிவிட்டது. நான் அந்த வேலையை விட்டு, கல்யாணமாகி, இப்போது குன்றத்தூரில் இருக்கிறேன். இந்த அனுபவத்தை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பத் துணிச்சல் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். நடுவில் லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை “அக்கா?” என்றேன். முடித்ததும் கேட்டார்.

“நான் அழுதத எழுதலியே?”

“எப்பக்கா அழுதீங்க?”

“அன்னிக்கித்தான். மெஷின ஓட்டிக் காட்டிட்டு நேரா பாத்ரூம்ல போய் கதவ சாத்திகினேன். ஒரு மணி நேரம் வெளிய வரல. புள்ளைங்கள இன்னா பண்ணப் போறேன்னு அழுதேன். நீ என்னவோ என்ன பெரிய வீராங்கன மாரி எழுதிகீற. அத்தையும் எழுது. அப்பறம் அனுப்பு.”

அதையும் எழுதிவிட்டேன். அன்று நான் செய்ததில் எது சரி, எது தப்பு என்று இன்னமும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை; ஆனால் இன்னொருத்தரின் பயத்தை நான் தூர நின்று பார்த்துவிட்டு, அவரைக் கேட்காமல் எழுதினால் அது பாதி உண்மைதான் என்பது மட்டும் தெரியும்.